ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கி அணியில் மட்டும் ஏன் 16 பேர்?

கார்னர்_கொடி கேட்டது:

ரொம்ப நாளாக இருக்கும் சந்தேகம். பெண்கள் ஹாக்கி உலகக் கோப்பைக்கு அணி அறிவித்தால் 18 பேர், கூடவே மாற்று வீராங்கனைகள் இரண்டு பேர். ப்ரோ லீக் (நாடுகளுக்கு இடையிலான சர்வதேச ஹாக்கி லீக்) ஆட ஐரோப்பா கிளம்பினால் 24 பேரைக்கூட அழைத்துப் போகிறார்கள். ஒலிம்பிக் என்று வந்துவிட்டால் மட்டும் 16. டோக்கியோவுக்கு முதலில் அறிவித்த இந்தியப் பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தேன், கோல்கீப்பர் என்று சவிதா பெயர் மட்டும்தான் இருக்கிறது, மீதிப் பதினைந்தும் களத்தில் ஓடுகிறவர்கள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற போட்டி, அதற்குப் போய் இப்படிக் கையைக் கட்டி அனுப்புவானேன்?

சரி, 16தான் விதி என்றால் கோல்கீப்பருக்கு அடிபட்டால் யார் நிற்பது? இரண்டு இடம் குறையும்போது வெளியே போவது எந்த மாதிரி ஆள்? 2022 உலகக் கோப்பைக்கு டோக்கியோ கேப்டன் ராணி ராம்பாலை விட்டுவிட்டுப் போனார்களே, அதுவும் இந்தக் கணக்கில் சேருமா, இல்லை அது வேறு கதையா? அப்புறம், இந்தப் பட்டியல்களில் தமிழ்நாட்டுப் பெயர் ஏன் வருவதே இல்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் டிவியில் பார்க்கிற ஆள்தான், ஸ்டிக் பிடித்ததில்லை.

---

ரைட்ஹாஃப்:

முதல் கேள்விக்குக் காரணம் ஹாக்கியில் இல்லை, ஒலிம்பிக் நடத்துகிறவர்களிடம் இருக்கிறது. கோடைக்கால ஒலிம்பிக்குக்கு மொத்தமே ஏறத்தாழ 10,500 விளையாட்டு வீரர்கள் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஹாக்கியில் பெண்களுக்கு 12 அணி, ஆண்களுக்கு 12 அணி. ஆளுக்கு 16 என்றால் 384 பேர். அதை 18 ஆக்கினால் இன்னும் 48 பேருக்கு இடம் வேண்டும், அந்த 48-ஐ யார் விட்டுத்தருவார்கள்? கால்பந்துக்கும் இதே இழுபறிதான், உலகக் கோப்பைக்கு அவ்வளவு பெரிய பட்டியல் வைத்திருப்பவர்கள் ஒலிம்பிக் வந்தால் 18-க்குள் சுருங்குகிறார்கள்.

இரண்டு பேர் குறைந்தால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டம் 60 நிமிடம், கோல்கீப்பரை விட்டுவிட்டால் களத்தில் 10 இடம், ஆக 600 நிமிடம். இதை 15 பேர் பங்கு போட்டால் தலைக்கு 40 நிமிடம். ஒரே கோல்கீப்பரோடு 18 பேர் இருந்தால் 17 பேர் பங்கு போடலாம், தலைக்கு 35 நிமிடம் சொச்சம். ஐந்து நிமிடம் அற்பமாகத் தெரியலாம், ஆனால் ஹாக்கியில் ஆள் மாற்றுவதற்கு எண்ணிக்கையே கிடையாது, வெளியே போனவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப வரலாம், அதனால் ஃபார்வர்டுகள் எல்லாம் நாலைந்து நிமிடம் தலைதெறிக்க ஓடிவிட்டுப் பெஞ்சுக்கு வருவதும் அடுத்த ஆள் உள்ளே போவதுமாகத்தான் முழு ஆட்டமும் நடக்கும். பெஞ்சில் ஏழு பேர் இருக்கும் அணியும் ஐந்து பேர் இருக்கும் அணியும் நாலாவது குவார்ட்டரில், அதாவது கடைசிப் பதினைந்து நிமிடத்தில், ஒரே வேகத்தில் ஓட முடியாது.

டிவியில் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு ஒருதரம் நடுக்கோட்டு ஓரத்தைப் பாருங்கள். வெளியே வருகிறவர் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டருக்குள் கோட்டைத் தாண்டிய பிறகுதான் அடுத்தவர் நுழையலாம், கடிகாரம் நிற்காது. பெனால்டி கார்னர் (கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) கொடுத்துவிட்டால் அது முடிகிறவரை ஆள் மாற்றவே கூடாது, தடுக்கிற அணியின் கோல்கீப்பருக்கு அடிபட்டாலோ அட்டை வாங்கி வெளியேறினாலோதான் விதிவிலக்கு. இதனால் டிராக் ஃபிளிக் (கார்னரில் பந்தை ஸ்டிக்கோடு இழுத்துக் கோலை நோக்கி வீசுவது) போடுகிறவர் பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கார்னர் கிடைத்தால் போச்சு. கோச் அவரைக் கண்ட நேரத்தில் வெளியே எடுக்கத் தயங்குவதற்குக் காரணம் இதுதான்.

கோல்கீப்பர் விஷயம். பட்டியலுக்கு வெளியே ரிசர்வ் ஆள் இருப்பார், மருத்துவக் காரணம் காட்டினால்தான் அவர் உள்ளே வரலாம், பழைய விதிப்படி அவருக்காக இடம் விட்டவர் திரும்ப வர முடியாது. ஆட்டத்தின் நடுவே அடிபட்டால் வழி இரண்டு. களத்தில் ஆடுகிற ஒருவர் அந்தக் காப்புகளை எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கலாம், அல்லது கோல்கீப்பரே இல்லாமல் 11 பேரும் களத்தில் ஆடலாம். பின்னதில் யாருக்கும் காலால் பந்தைத் தடுக்கும் சலுகை கிடையாது. தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு இப்படி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆபத்துதான், ஆனால் பெரிய அணிகளும் அந்த ஆபத்தோடுதான் போகின்றன. 2016 ரியோவில் தங்கம் வாங்கிய பிரிட்டன் அணியின் 16 பேரில் ஒரே கோல்கீப்பர் மேடி ஹின்ச். நெதர்லாந்தோடு இறுதி ஆட்டம் 3-3, ஷூட்-அவுட்டில் (சமனில் முடிந்தால் ஒவ்வொருத்தராக வந்து கோல்கீப்பரோடு மோதுவது) வந்த நாலு பேரையும் அவர் மறித்துவிட்டார். அன்றைக்குக் காலையில் அவருக்குக் கணுக்கால் பிசகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

---

பச்சை_அட்டை:

ரைட்ஹாஃப் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். டோக்கியோவில் 16 என்பது கடைசி நேரத்தில் தளர்ந்தது. கொரோனா காரணமாக ரிசர்வ் ஆட்களையும் சேர்த்து 18 பேரை வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு ஆட்டம் 16 பேரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். நம் அணியில் அப்படிச் சேர்ந்தவர்கள் ரீனா கோக்கரும் நமிதா டோப்போவும்.

---

நடுக்களம்:

யார் வெளியே போவார் என்ற கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஒரே ஒரு வேலையைப் பிரமாதமாகச் செய்கிற ஆள்தான் முதலில் போவார். 18 பேர் என்றால் கார்னரில் பந்தை நிறுத்துவதற்கென்றே ஒருத்தர், கடைசிப் பத்து நிமிடத்தில் இறக்கிவிடுவதற்கென்றே ஒரு ஃபார்வர்டு என்று வைத்துக்கொள்ளலாம். 16-ல் அந்த ஆடம்பரம் கிடையாது, ஒவ்வொருத்தரும் இரண்டு இடத்துக்காவது ஆக வேண்டும்.

உதிதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 லண்டன் உலகக் கோப்பையில் ஃபார்வர்டு. டோக்கியோ பட்டியலில் அவர் டிஃபெண்டர். முன்னால் ஆடிப் பழகிய கால் என்பதால் பின்னாலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவார், எதிரணி ஃபார்வர்டு எந்தப் பக்கம் திரும்புவார் என்பதும் அவருக்குத் தெரியும். கோச்சின் கண்ணில் அது ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர். குர்ஜித் கவுரும் அப்படித்தான், டிஃபெண்டர், டிராக் ஃபிளிக்கும் அவர்தான். நெதர்லாந்தில் யிபி யான்சென், அவருக்கு முன்னால் கையா வான் மாசாக்கர், இவர்களும் பின்கள ஆட்கள். ஃபிளிக் போடுகிறவர் ஃபார்வர்டாக இருந்தால் அவரை அடிக்கடி வெளியே எடுக்க வேண்டியிருக்கும், டிஃபெண்டர்கள் அவ்வளவு மாறுவதில்லை, கார்னர் எப்போது கிடைத்தாலும் களத்தில் இருப்பார்கள்.

டோக்கியோ அட்டவணையைப் பார்த்தால் இன்னும் புரியும். 2021 ஜூலை 24-ல் தொடங்கி ஆகஸ்ட் 6 வரை 14 நாளில் 8 ஆட்டம், அந்த வெயிலில். முதல் மூன்றும் தோல்வி: நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. பாதிப் பேர் டிவியை அணைத்துவிட்டார்கள். ஜூலை 30 அயர்லாந்தை 1-0, ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது நவ்நீத் அடித்த கோல். மறுநாளே தென்னாப்பிரிக்கா, ஒரு நாள் ஓய்வுகூட இல்லை, அதில்தான் வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்து 4-3. ஒலிம்பிக்கில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. அதுவும் போதாமல் சாயங்காலம் பிரிட்டன் அயர்லாந்தை ஜெயிக்கும் வரை காத்துக்கிடந்துதான் காலிறுதிக்குள் போனார்கள். ஆகஸ்ட் 2, ஆஸ்திரேலியாவோடு குர்ஜித்தின் ஒற்றைக் கோல், மீதி நேரம் முழுக்கத் தடுப்பு. அந்த ஆட்டத்தை மறுபடி பார்க்கிறவர்கள் சவிதாவைத்தான் பார்ப்பார்கள், பார்க்க வேண்டியதுதான், ஆனால் டிஃபெண்டர் தீப் கிரேஸ் எக்காவையும் கவனியுங்கள். ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்து, ஆளைத் தொடாமல் பந்தை மட்டும் உருவி எடுப்பார்.

இவ்வளவு ஓட்டத்தையும் ஏறத்தாழ அதே பதினாறு பேரை வைத்துத் தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால்தான் ஓட்டத் தேர்வில் பின்தங்குகிறவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் பட்டியல் அறிவிக்கும் வாரத்தில் தூக்கம் வராது.

---

28_ரசிகை:

ராணி பற்றிப் பேசாமல் போக முடியாது.

15 வயதில் 2010 உலகக் கோப்பை ஆடியவர். மொத்தம் 254 ஆட்டம். இந்தியப் பெண்கள் அணியை முதல்முறையாக ஒலிம்பிக் அரையிறுதிக்குக் கூட்டிப்போன கேப்டன். டோக்கியோ முடிந்ததும் தொடைத் தசையில் காயம், மாதக்கணக்கில் வெளியே. 2022 ஜூனில் ப்ரோ லீக்கில் பெல்ஜியத்தோடு ஆடி 250-வது ஆட்டத்தையும் முடித்தார். ஆடுகிற ஆள்தானே அவர்? அந்த ஜூலை உலகக் கோப்பைக்குப் பட்டியல் வந்தால் பெயர் இல்லை, காயத்திலிருந்து முழுசாக மீளவில்லை என்றார்கள். அடுத்து காமன்வெல்த் பட்டியலிலும் இல்லை.

16-க்குள் அடங்கவில்லை என்றாலாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இது 18 பேர் பட்டியல், வெளியே இன்னும் இரண்டு பேர், அக்ஷதாவும் சங்கீதாவும். ஆக 20 பேரில் ராணிக்கு இடமில்லை. போய் என்ன கிழித்தார்கள்? சீனா, இங்கிலாந்து இரண்டோடும் டிரா, நியூசிலாந்திடம் தோல்வி, ஸ்பெயினிடம் கடைசி நேரத்தில் ஒரு கோல் வாங்கி வெளியே. கிடைத்த கார்னர்களையும் வட்டத்துக்குள் கிடைத்த வாய்ப்புகளையும் வீணடித்ததுதான் அந்தத் தொடரின் கதை. வட்டத்துக்குள் பதறாமல் நிற்கிற ஒருத்தரை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அப்படித்தான் ஆகும்.

2024 அக்டோபரில் அவர் ஓய்வு அறிவித்தபோது 28-ஆம் எண் ஜெர்சியை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா சொன்னது. 2022-ல் இடம் தந்திருக்கலாம்.

---

நடுக்களம்:

@28_ரசிகை, கோபம் நியாயம்தான், ஆனால் அந்த உலகக் கோப்பைத் தோல்வியை ராணி இல்லாததன் கணக்கில் எழுத முடியாது. அதற்கு அடுத்த மாதம் பர்மிங்காம் காமன்வெல்த்தில் அவர் இல்லாத அணிதான் நியூசிலாந்தை ஷூட்-அவுட்டில் ஜெயித்து வெண்கலம் வாங்கியது. இன்னொன்று, பெல்ஜியத்தோடு சில ஆட்டத்தில் சில நிமிடம் ஆடுவது வேறு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழு வேகத்தில் ஆடுவது வேறு. தசைக் காயம் திரும்ப வந்தால் தொடர் நடுவே ஒரு ஆளை இழப்பீர்கள். முதுகில் ஜிபிஎஸ் கருவி வைத்த உள்சட்டையோடுதான் இப்போது பயிற்சியே நடக்கிறது, யார் எவ்வளவு ஓடினார்கள், முழு வேகத்தில் எத்தனை தடவை என்று எல்லாம் திரையில் வந்துவிடும். கோச்சிடம் இருந்த எண்கள் நம்மிடம் இல்லை.

---

28_ரசிகை:

எண்கள் கையில் இருந்தால் அவரைக் கூப்பிட்டு நேராகச் சொல்லியிருக்கலாமே? என் ஆத்திரம் தேர்ந்தெடுக்காததில் பாதி, சொன்ன விதத்தில் பாதி. எங்கள் பகுதியில் ஜூனியர் தேர்வு நடந்தபோதும் இதே கதைதான், நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள், பெயர் இல்லாத பிள்ளைகள் தாளை மறுபடி மறுபடி மேலிருந்து கீழே படித்துக்கொண்டு நிற்கும். எதில் குறை என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருக்காது. லெஃப்ட் ஹாஃபில் ஆள் அதிகம், ரைட் பக்கம் ஆடிப் பழகு என்று ஒருத்தர் சொல்லியிருந்தாலே அதில் இரண்டு பேர் அடுத்த வருஷம் திரும்ப வந்திருப்பார்கள்.

---

லண்டன்_குளிர்:

இங்கே நிலைமை இன்னும் வினோதம். உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் தனித்தனி அணி, ஒலிம்பிக்குக்கு மூன்றும் சேர்ந்து கிரேட் பிரிட்டன் என்று ஒரே 16. அதாவது மூன்று நாட்டு அணிகளில் ஆடுகிறவர்கள் எல்லாரும் அந்த ஒரு பட்டியலுக்கு முட்டிமோத வேண்டும். டோக்கியோ வெண்கல ஆட்டத்தில் இந்தியாவை 4-3 என்று தோற்கடித்த அணியில் சாரா ஜோன்ஸும் லியா வில்கின்சனும் வேல்ஸ்காரர்கள், சாரா ராபர்ட்சன் ஸ்காட்லாந்து. மற்ற நேரத்தில் எதிரெதிரே நிற்கிறவர்கள் ஒலிம்பிக்குக்கு மட்டும் ஒரே ஜெர்சி போடுகிறார்கள்.

அயர்லாந்து இதில் சேராது, அவர்களுக்கு வடக்கும் தெற்கும் சேர்த்து ஒரே அணி. 2018-ல் உலகத் தரவரிசையில் 16-வது இடத்தில் இருந்துகொண்டு லண்டன் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை வந்தார்கள். காலிறுதியில் ஷூட்-அவுட்டில் வெளியேற்றியது யாரை என்று சொல்ல வேண்டாம், நமக்கே தெரியும். இறுதியில் நெதர்லாந்து 6-0 என்று நசுக்கியது, அது வேறு விஷயம்.

---

புல்தரை_காலம்:

தம்பிகளா, 16 பேர் தேர்வு என்றால் 1980-ஐச் சொல்லாமல் விடக் கூடாது. ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி நுழைந்ததே மாஸ்கோவில்தான். சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானுக்குள் போனதைக் கண்டித்துப் பல நாடுகள் புறக்கணித்ததில் ஆட அணி இல்லை. போட்டிக்குச் சில வாரம் இருக்கும்போது, அந்த ஏப்ரலில்தான் சுதந்திரம் வாங்கிய ஜிம்பாப்வேயைக் கூப்பிட்டார்கள். கிளம்புவதற்குச் சற்று முன்னால்தான் அணியையே தேர்ந்தெடுத்தார்கள், செயற்கைத் தரையில் ஆடிப் பழக்கமே இல்லாதவர்கள். கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற நாட்டின் அணியில் அத்தனை பேரும் வெள்ளைக்காரப் பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

ஆறு அணி, எல்லாரும் எல்லாரோடும். ஜிம்பாப்வே மூன்றில் ஜெயித்து இரண்டில் டிரா செய்து, ஒன்றில்கூடத் தோற்காமல் தங்கம் வாங்கியது. அந்த டிராவில் ஒன்று நம்மோடு, 1-1. ரூபா சைனி தலைமையில் போன நாம் ஆஸ்திரியாவையும் போலந்தையும் ஜெயித்தோம், செக்கோஸ்லோவாக்கியாவிடம் 1-2, சோவியத்திடம் 1-3 என்று தோற்று நாலாவது. அதன் பிறகு இந்தியப் பெண்கள் ஒலிம்பிக்கை எட்டிப்பார்க்கவே 36 வருஷம் ஆனது. ஜிம்பாப்வே ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு மாடு தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பியதும் ஒரு பொட்டலம் இறைச்சி கொடுத்தார்களாம். அரசாங்க வாக்குறுதி எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

---

கார்னர்_கொடி:

மாட்டுக் கதைக்காகவே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம் 😄 ரைட்ஹாஃப், அந்த 600 நிமிடக் கணக்கு அருமை, இனி பெஞ்சைத்தான் எண்ணப்போகிறேன். தமிழ்நாட்டுக் கேள்வியை மட்டும் எல்லாரும் லாவகமாகத் தாண்டிப் போய்விட்டீர்களே?

---

கோவில்பட்டி_டர்ஃப்:

தாண்டவில்லை, வலிக்கிற இடம் என்பதால் யாரும் தொடவில்லை.

டோக்கியோ 16-ஐ மாநில வாரியாகப் பிரியுங்கள். ராணி, சவிதா, மோனிகா, நவ்ஜோத், நவ்நீத், நேஹா, நிஷா, உதிதா, ஷர்மிளா, இந்த ஒன்பது பேரும் ஹரியானா. ஜார்க்கண்டில் இருந்து சலீமா டேட்டே, நிக்கி பிரதான். மீதி ஐந்து பேர் பஞ்சாப், ஒடிசா, மணிப்பூர், மிசோரம், உத்தராகண்ட் என்று ஆளுக்கொன்று. தென்மாநிலங்களில் இருந்து ஒருத்தர்கூட இல்லை, ஆக இது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

ஹரியானாவிலும் மாநிலம் முழுக்க ஆடுவதில்லை. ஷாஹாபாத்தில் பல்தேவ் சிங் என்று ஒரு கோச், ராணி அவரிடம் வளர்ந்தவர். சோனிபத்தில் பிரீதம் சிவாச், அவரே முன்னாள் இந்திய கேப்டன், நேஹாவும் நிஷாவும் அவருடைய மைதானத்திலிருந்து வந்தவர்கள். ஒரே ஊரில் ஒரே ஆள் வருஷக்கணக்காக விடியற்காலையில் வந்து நின்றால்தான் பட்டியலில் பெயர் வரும், அதற்கு மாநில அளவில் பெரிய திட்டம் எல்லாம் அப்புறம். ஜார்க்கண்டின் சிம்டேகாவிலும் ஒடிசாவின் சுந்தர்கரிலும் அதைவிட வேறு மாதிரி, அங்கே பழங்குடிக் கிராமங்களில் பெண்பிள்ளைகள் ஹாக்கி ஆடுவதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதே இல்லை.

எங்கள் ஊரில் பையன்களுக்கு இது நடந்தது, மாரீஸ்வரனும் கார்த்தியும் இந்திய அணி வரை போனார்கள். பெண்பிள்ளைகள் பள்ளி அளவில் நன்றாகவே ஆடுகிறார்கள், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்ததும் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள், பன்னிரண்டு முடிந்ததும் மீதி. பிடித்து வைக்க ஒரு வேலை வேண்டும். வடக்கே ரயில்வே வேலை ஒன்று கண் முன்னால் தொங்குகிறது, அப்பா அம்மாவிடம் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. 2025 ஜனவரியில் பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் முதல்முறையாக ராஞ்சியில் நடந்ததே, நாலு அணி: டெல்லி, ஒடிசா, வங்காளம், சூர்மா. ஆண்கள் லீக்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் இருந்தது, பெண்கள் பக்கம் நம் பெயரில் அணி கிடையாது.

எங்கள் மைதானத்தில் ஒன்பதாவது படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது, ரிவர்ஸ் ஸ்டிக்கில் அது அடிக்கிற அடிக்கு இங்கே நிற்கிற கோல்கீப்பர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். அது இன்னும் மூணு வருஷம் ஆடுமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதன் அம்மா ஏற்கெனவே டியூஷன் நேரத்தை மாற்றச் சொல்லி வந்து நின்றுவிட்டார்.